மூச்சு வரிசை

தையல்காரம்மா செத்துப்போன அன்று கண்ணாடி அறைக்குள் இரண்டு டயாலிசிஸ் மெஷின்கள் சும்மா நின்றுகொண்டிருந்தன. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை, இது மட்டும் கடைசிக்குப் போய்விடக் கூடாது.

கண்ணாடி வருவதற்கு முன்னால் அது ஒரே கூடம். ஆறு மெஷின், ஆறு கட்டில், வாசல் பக்கம் எடை பார்க்கும் மெஷின், அதற்கு எதிரே நீளமான மர பெஞ்சு. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று தடவை அங்கே வந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் சேர்ந்த தண்ணீரை இறக்கிவிட்டுப் போவார்கள். காசு கிடையாது. யார் வந்தாலும் கிடையாது.

என் அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். அவருக்கு ஆஸ்பத்திரி என்றால் டிப்போ. "வா பாப்பா, வண்டிய டிப்போல விட்டுட்டு வரலாம்" என்பார். அம்மா விடிந்ததும் பிஸ்கட் கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போய்விடுவாள். அப்பாவைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி இறக்க ஓர் ஆள் வேண்டும். பத்தாவது பாதியில் என் ஸ்கூல் பை ஆணியில் ஏறியது. இன்னும் இறங்கவில்லை.

அந்தக் கூடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்ததும் சிஸ்டர் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நிற்பார். "நல்லா மூச்ச இழுங்க. எண்ணுங்க" என்பார். ஒரே மூச்சில், பேசுகிற குரலில், ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். மூச்சு எங்கே தீர்கிறதோ அதுதான் அவருடைய எண். நுரையீரலில் தண்ணீர் ஏறியவருக்கு எண் சீக்கிரம் நின்றுவிடும். யார் எண் சின்னதோ அவர் முதலில் கட்டிலுக்குப் போவார். முந்தி வந்தவர், பிந்தி வந்தவர், பெரிய மனிதருக்குத் தெரிந்தவர் என்ற பேச்சே கிடையாது. ஒரு காலத்தில் ஜட்ஜாக இருந்த ஒருவர் எங்களோடு வந்துகொண்டிருந்தார். அதே கோர்ட்டைக் கூட்டிப் பெருக்கிய அம்மாவும் வருவார். அந்த அம்மா பன்னிரண்டில் நின்று, ஜட்ஜ் பதினெட்டில் நின்றால், ஜட்ஜ் பேப்பரை விரித்துக்கொண்டு காத்திருப்பார். அதில் யாருக்கும் ஆச்சரியம் இருந்ததில்லை.

திருட்டும் உண்டு. பியூஸ் என்று ஒருவர், எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் எட்டிலேயே திணறுவார்.

"யோவ் பியூஸு, இப்பத்தானே வாசல்ல டீக்கடைக்காரனோட மூச்சு விடாம சண்ட போட்ட?" என்பார் அப்பா.

"அதுலதான்யா தீந்துபோச்சு."

பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். சிஸ்டர் சிரிக்காமல், "திரும்ப எண்ணுங்க" என்பார்.

அப்பாவின் திருட்டு வேறு மாதிரி. மூச்சு முட்டினாலும் தம் பிடித்து இரண்டு மூன்று கூட எண்ணிவிடுவார். பக்கத்தில் முகம் வீங்கிப்போய் யாராவது ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் இன்னும் இரண்டு கூடும். ஏன் என்று கேட்டால், "அது லேடீஸ் சீட்டு" என்பார்.

நான் பெஞ்சின் கோடியில் அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரோடும் பேச வாய் வராது. பியூஸ் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்திருந்தார். பொருத்தமான பேர்தான்.

பிறகு புது நிர்வாக அதிகாரி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லமாட்டார். முதல் வாரமே, பாகம் கிடைக்காமல் படுத்திருந்த ஒரு மெஷின்மேல் கையை வைத்து, "இந்த நிலைமைய மாத்தணும்" என்றார். நாங்களும் நம்பினோம். ரிப்பேர் ஆட்கள் வருவார்கள் என்று பார்த்தால் கண்ணாடி வைக்கிற ஆட்கள் வந்தார்கள். கூடத்தின் நடுவே தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி எழுந்தது. இருந்ததிலேயே புதிய இரண்டு மெஷின்கள் அந்தப் பக்கம் போயின. கதவில், கார்டு காட்டினால் மட்டும் திறக்கிற பூட்டு. மேலே 'விரைவுப் பிரிவு' என்று பலகை. கட்டணம் கட்டினால் நேரம் குறித்துக்கொண்டு வரலாம், காத்திருக்க வேண்டாம்.

எங்களைக் கூட்டிவைத்துப் பேசினார்.

"பொதுப் பிரிவ யாரும் மூடல. இது கூடுதல் வசதி, அவ்வளவுதான். விருப்பப்பட்டவங்க அங்க போகலாம். அதுல வர்ற வருமானத்துல உங்க பக்கத்தையும் சரி பண்ணுவோம்."

"எங்க மெஷின எடுத்து அங்க வச்சு, அதுல வர்ற காசுல எங்களுக்கு மெஷின் வாங்குவீங்க" என்றார் பியூஸ். "என் சட்டையக் கழட்டி வித்து எனக்கே பட்டன் வாங்கித் தர்ற மாதிரி."

அதிகாரியும் சிரித்தார். அவரிடம் எனக்குப் பிடிக்காதது அதுதான். எல்லாவற்றுக்கும் சிரித்துவிடுவார்.

"பெரியவரே, இலவசமா கிடைக்கிற இடத்துல கொஞ்சம் பொறுமை வேணும்ல?"

அப்பா எழுந்து நின்றார். "யாரு சார் இலவசம்னு சொன்னது? நான் பஸ் ஓட்டின அத்தன வருஷமும் சம்பளத்துல இதுக்குன்னு பிடிச்சாங்க. அப்ப என் உடம்பு கல்லு மாதிரி இருந்துச்சு. ஒரு ஊசி போட்டுக்கக்கூட இங்க வந்ததில்ல. யாரோ ஒருத்தனுக்குத்தானே அது போச்சு? அவன நான் ஓசின்னு சொன்னேனா?"

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க."

"வாரத்துக்கு மூணு நாள் என் ரத்தமே வெளிய சுத்திட்டு வருது சார். உணர்ச்சி மட்டும் உள்ளயே இருக்கணும்னா எப்படி?"

அதிகாரி மறுபடியும் சிரித்தார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். இந்த எண்ணுகிற பழக்கம் இனி வேண்டாம். "இது என்ன எல்கேஜி வகுப்பா?" வாசலில் டோக்கன் மெஷின் வைத்தார்கள். முந்தி வருபவருக்கு முதல் டோக்கன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் பார்த்த பிறகுதான் விளங்கியது. மூச்சு முட்டுகிறவர் மெதுவாகத்தான் நடப்பார். பஸ் ஸ்டாப்பிலிருந்து வார்டுக்கு வருவதற்குள் அங்கங்கே உட்கார்ந்து எழுந்து வருவார். கடைசி டோக்கன் அவருக்கு. வேகமாக நடக்க முடிந்தவருக்கு முதல் டோக்கன். நோயாளிகளில் யார் தெம்பாக இருக்கிறாரோ அவருக்கு முதல் வைத்தியம். இந்த மூளையை எந்தக் கடையில் வாங்கினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தையல்காரம்மா அப்படித்தான் கடைசி டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். ஸ்கூல் யூனிபார்ம் தைப்பவர். எனக்கு இனி தேவைப்படாத யூனிபார்மைப் பிரித்து, வெளியே போட்டுக்கொள்ளும்படி மேல்சட்டையாக மாற்றித் தந்தவர். "துணி நல்ல துணி, ஏன் வீணாக்கணும்?" என்றார். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்று மதியம் எங்கள் பக்கம் ஒரு மெஷின் அலாரம் அடித்து நின்றுவிட்டது. ஏற்கெனவே ஒன்று படுத்திருந்தது. மிச்சம் இரண்டு. ஷிப்டு முடியும்வரை அவர் முறை வரவில்லை.

"நாளைக்கு முதல் ஆளா போட்டுடறேம்மா" என்றார் சிஸ்டர். சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே இரண்டு மெஷின்களிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டில்களில் புது விரிப்பு, மடிப்புக்கூடக் கலையவில்லை. நாள் முழுக்க அங்கே படுத்திருந்தது ஏசிக் காற்று மட்டும்தான்.

மறுநாள் அவர் வரவில்லை. அவருடைய மகள் வந்து சொல்லிவிட்டு, பெஞ்சில் அவர் உட்காரும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். உயிர் போனது வீட்டில். காரணம் சிறுநீரகம். கண்ணாடி என்று எந்தக் காகிதத்திலும் வராது.

அன்று வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டாள். "இந்த மனுஷனையும் அப்படி அனுப்ப முடியாது. என்னத்தையாவது வித்தாவது உள்ள சேத்துடலாம்."

"உள்ள நான் ஒருத்தன் போனா, இன்னும் நாலு பேர் வருவாங்க" என்றார் அப்பா. "ஆள் கூடிட்டாங்கன்னு இன்னொரு மெஷின உள்ள தள்ளுவான். அந்த மெஷின் எங்கேர்ந்து போகும்? நம்ம பெஞ்சுக்கு எதுத்தாப்லேர்ந்துதான். நான் அதுக்குக் காசு வேற கட்டணுமா?"

"நியாயம் பேசுறதுக்கு ஆள் இருக்கணும்ல?" என்றாள் அம்மா. அம்மா சொன்னதும் சரிதான். இரண்டு சரியையும் ஒரே வீட்டில் சண்டை போட விட்டார்களே, அவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

எங்கள் பெஞ்சிலிருந்து கண்ணாடிக்குள் போனவர் ஒரே ஒருவர். மரச்சாமான் கடை வைத்திருப்பவர். கட்டில்காரர் என்போம். "பிள்ளைங்க கட்டாயப்படுத்துறாங்கய்யா" என்று தலையைச் சொறிந்துகொண்டே போனார். அவர் கார்டைக் காட்டி உள்ளே போகும்போதெல்லாம் பியூஸ் விடமாட்டார். "என்ன கட்டிலு, உள்ள ஏசி எப்படி? எங்களுக்கும் ஒரு வாய் அனுப்பு." தையல்காரம்மா போன பிறகு பியூஸ் கேலியை விட்டுவிட்டார். அது கேலியைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும். கட்டில்காரர் எங்கள் பக்கம் பார்க்காமலே போவார், வருவார்.

சில நாளிலேயே அப்பாவுக்கும் அந்த நிலைமை வந்தது.

முந்தின முறை மெஷின் நின்று நின்று ஓடியதால் தண்ணீர் முழுதாக இறங்கவில்லை. நடுவில் விடுமுறை வேறு. காலையில் செருப்புக்குள் கால் நுழையவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தார். "ரேடியேட்டர் கொதிக்குது பாப்பா" என்று சிரிக்கப் பார்த்தார். உதடு நீலமாக இருந்தது. வாசலில் டோக்கன் மெஷின் எங்களுக்குத் துப்பியது கடைசி எண்.

எங்கள் பக்கம் ஓடுவது அதே இரண்டு மெஷின்கள். இரண்டிலும் அப்போதுதான் ஆட்கள் ஏறியிருந்தார்கள். ஒரு முறைக்கு நான்கு மணி நேரம். அப்பாவிடம் நான்கு மணி நேரம் இல்லை. பார்த்த எல்லோருக்கும் அது தெரிந்தது.

சிஸ்டர் டோக்கனைக் கேட்கவில்லை. அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயை மாட்டிவிட்டு, டாக்டருக்குப் போன் போட்டார். நாலு வார்டுக்கு ஒரே டாக்டர். "உடனே போடுங்க" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

"எதுல டாக்டர்?" என்றார் சிஸ்டர்.

சிஸ்டர் போய்க் கண்ணாடிக் கதவைத் தட்டினார். பொதுப் பிரிவு ஊழியர்களுக்குக் கார்டு கொடுக்கவில்லை. உள்ளே இருந்த பெண் கதவைத் திறக்காமல் போனை எடுத்தாள். அதிகாரியே இறங்கி வந்தார்.

"சார், இவரு தாங்கமாட்டாரு. ஒரு மெஷின் குடுங்க. நானே போட்டுக்கறேன்."

"ஒன்பது மணிக்கு ஒருத்தர் புக் பண்ணியிருக்காரு, சிஸ்டர்."

"இன்னொண்ணு இருக்கே?"

"அது அவசரத்துக்கு வச்சிருக்கோம்."

"இதுதான் சார் அவசரம்."

"விரைவுப் பிரிவோட அவசரத்துக்கு" என்றார். சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். கொஞ்சம் தடுமாறி, "விதிய நான் எழுதல. வேற ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் சொல்றேன்" என்றார்.

அந்த ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடி. அங்கேயும் கண்ணாடி வந்துவிட்டதாகக் கேள்வி.

சிஸ்டர் திரும்பி வந்து அப்பா முன்னால் நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அண்ணே, எண்ணுங்க."

தடை போட்ட பிறகு அந்த வார்த்தையை நாங்கள் கேட்டிருக்கவில்லை.

"அந்தப் பழக்கத்த நிறுத்தச் சொல்லியாச்சே" என்றார் அதிகாரி.

"நீங்க கேக்கணும் சார். அதுக்குத்தான்."

அப்பா மூச்சை இழுத்தார். தண்ணீருக்குள் குழாயை விட்டு ஊதுகிற மாதிரி நெஞ்சுக்குள் சத்தம் கேட்டது. "ஒண்ணு" என்றார். "ரெண்டு. மூணு." அடுத்ததற்கு வாய் திறந்தது, குரல் வரவில்லை. எப்போதும் இரண்டு மூன்று கூட எண்ணுகிறவர். கூட எண்ணுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

வாசலில் கட்டில்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு புக் பண்ணியவர் அவர்தான்.

"வாங்க சார், உங்க மெஷின் ரெடி" என்றார் அதிகாரி, பிழைத்தோம் என்கிற மாதிரி.

கட்டில்காரர் அவரைத் தாண்டி வந்து, பெஞ்சில் தையல்காரம்மாவின் இடத்தை விட்டு அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சை இழுத்தார். கடையில் பலகை எண்ணுகிற குரலில் நிதானமாக எண்ணினார். இருபத்தொன்றில் நின்றார்.

"டிரைவர் மூணு. நான் இருபத்தொண்ணு" என்றார். "என் முறை இன்னும் வரல சார். அவரு போகட்டும்."

"உங்க நேரத்த இன்னொருத்தருக்கு மாத்த முடியாது. சிஸ்டத்துல இடமில்ல."

"அப்ப மெஷின் சும்மா நிக்கட்டும்ங்கறீங்க?"

அதிகாரி பதில் யோசிப்பதற்குள் பியூஸ் எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு." அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். பிறகு பெஞ்சு முழுக்க. கையில் ஊசியோடு கட்டிலில் படுத்திருந்த இருவரும். கூட வந்தவர்கள், தரை துடைத்துக்கொண்டிருந்தவர், எல்லோரும். கத்தவில்லை. பேசுகிற குரலில் எண்ணினார்கள்.

ஆறில் ஒரு குரல் அறுந்தது. எட்டில் பியூஸ் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை திருட்டு இல்லை. பத்தைத் தாண்டியதும் மளமளவென்று நின்றன. ஒவ்வொரு குரல் நிற்கும்போதும் அந்த இடத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. அதிகாரி நின்ற குரல்களை ஒவ்வொன்றாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியாது. முப்பதுக்குப் பிறகு கூட வந்தவர்களின் குரல்களும் விழுந்தன. மெல்லிசாக, கீச்சென்று ஒரே ஒரு குரல் மிச்சமிருந்தது. அது என்னுடையது.

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. ஒருவர் திரும்பினாலே எனக்குப் பேச்சு நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. அதிகாரியும் என்னையே பார்த்தார். அவருக்குப் பின்னால், கட்டில்காரர் தன் கார்டைச் சிஸ்டரின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். நான் நிறுத்தினால் அதிகாரி திரும்பிவிடுவார். முப்பத்தேழு. சிஸ்டர் சக்கர நாற்காலியின் பிடியைப் பற்றினார். முப்பத்தெட்டு. அப்பாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முப்பத்தொன்பது. பூட்டில் பச்சை வெளிச்சம். விலாவெல்லாம் எரிந்தது. யூனிபார்மிலிருந்து தைத்த மேல்சட்டை நெஞ்சை இறுக்கியது. நாற்பத்திரண்டில் கண் இருட்டியது. கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்ட பிறகுதான் விட்டேன்.

அதிகாரி திரும்பினார். உள்ளே சிஸ்டர் அப்பாவின் கையில் ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தார். அதிகாரி தன் கார்டை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனார். கதவுக்கு முன்னால் கட்டில்காரரும் பியூஸும் நின்றார்கள். மூச்சு வாங்கியதால் இருவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நகரவும் இல்லை.

"இதுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார் அதிகாரி என்னிடம். அங்கே இருந்ததில் நான்தான் சின்னவள்.

"எண்ணுங்க சார்" என்றேன்.

அவர் எண்ணவில்லை. போய்விட்டார்.

அப்பா பிழைத்தார். மதியம் உதட்டில் நிறம் திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார். "ஏசி வண்டில இன்னிக்குத்தான் ஏறியிருக்கேன் பாப்பா. நல்லாத்தான் இருக்கு. எல்லாருக்கும் விடலாம்."

இதோடு முடிந்திருக்கலாம். சிஸ்டருக்கு மெமோ வந்தது. அவரைத் துணிக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஊசி ஏற்றுகிற கை இப்போது விரிப்பு மடிக்கிறது. கட்டில்காரரின் கார்டை ரத்து செய்தார்கள். அவர் பெஞ்சுக்கு வந்துவிட்டார். கண்ணாடி இன்னும் நிற்கிறது. அவசரத்துக்கு வைத்த மெஷின் இன்னும் சும்மா நிற்கிறது.

ஆனால் யாரும் டோக்கன் எடுப்பதில்லை. டோக்கன் மெஷினும் காகிதம் தள்ளுவதை நிறுத்திவிட்டது. பியூஸைக் கேட்டால், "நான் ரிட்டயர் ஆனவன்யா" என்கிறார். எண்ணச் சொல்வதற்குச் சிஸ்டர் இல்லை. பெஞ்சு என்னைப் பார்த்தது. இப்போது நான்தான் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று "எண்ணுங்க" என்கிறேன். வந்திருக்கும் புது நர்ஸ் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டு, அந்த வரிசையிலேயே ஆட்களை ஏற்றுகிறார்.

அது முடிந்ததும் தெம்பு இருப்பவர்களும் கூட வந்தவர்களும் அதிகாரியின் அறை வாசலுக்குப் போகிறோம். கண்ணாடியை எடுக்க வேண்டும், நின்றுபோன மெஷின்களைச் சரிசெய்ய வேண்டும், சிஸ்டர் திரும்ப வர வேண்டும். எழுதிக் கொடுத்தாயிற்று. தாளுக்கு மூச்சு கிடையாது. அதனால் நின்று எண்ணுகிறோம். பக்கத்து வார்டிலிருந்தும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். அங்கே கண்ணாடிக்கு அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்களாம்.

ஒன்று என்று தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்போம். அது தையல்காரம்மாவின் முறை.

அதிகாரி கதவைச் சாத்திக்கொள்கிறார். சாத்தட்டும். ஒவ்வொரு குரலாக நிற்பது உள்ளே கேட்கும். கடைசியில் மிஞ்சுகிற குரலும் கேட்கும். நாளைக்கும் போவேன். எனக்கு மூச்சு நிறைய இருக்கிறது.